மஞ்சள் பக்கம் விழுந்த வீடு

ஒதிலியா எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் என்று எங்கள் கட்டடத்தில் சொல்வார்கள். தபாலில் வரும் உறைக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், கதவு தட்டினால் பயம். ஆறு வருடம் அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். அவர்கள் சொல்வது பாதிதான் சரி. பயப்படுவாள், ஆனால் பயந்துகொண்டே செய்தும் முடித்துவிடுவாள். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதச் சொல்கிறேன்.

எல் சால்வடோரில் அவள் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவே ஒரு மலைதான். ஆனாலும் அமெரிக்காவில் மேரிலாந்துக்கு வந்த பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் வீட்டு உள்ளறையில் முதலில் குடியிருந்தவன் அவள் தம்பி நெல்சன். பிறகு அக்காவையும் அவள் மகள் யாமிலெத்தையும் அழைத்துக்கொண்டான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், ஹோட்டலில் தட்டுக் கழுவும் வேலை முடிந்து சைக்கிளில் வந்தவனைப் பெரிய ரோட்டில் கார் அடித்துவிட்டது. ஆறு வண்டிகள் ஒன்றாக ஓடுகிற ரோடு. அவன் செத்து விழுந்த இடத்தில் யாரோ அவன் நினைவாக ஒரு பழைய சைக்கிளுக்கு வெள்ளை பெயின்ட் அடித்துக் கம்பத்தில் கட்டி வைத்தார்கள். இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் ஒதிலியா கண்ணை மூடிக்கொள்வாள்.

அவளுக்கு வேலை மேல்நிலைப் பள்ளியின் சமையலறையில். தலையில் வலை கட்டி, காலை ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். ஆயிரத்து நானூறு பிள்ளைகளுக்குக் கட்டின பள்ளியில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் படித்தார்கள். விளையாட்டு மைதானத்தில் தகரப் பெட்டி மாதிரி அறைகளை வரிசையாகக் கொண்டுவந்து இறக்கி, அதிலும் வகுப்பு நடந்தது. மதியச் சாப்பாடு காலை பத்து பத்துக்கே தொடங்கிவிடும். நான்கு பந்தி. கடைசிப் பந்திக்கு வருகிறவர்களுக்குச் சாக்லேட் பால் இருக்காது.

"இன்னிக்கு ஆயிரத்து எழுநூறு தட்டு, நீன்யா டோயா. ஒரு பையன் நடைல நின்னுக்கிட்டே சாப்பிட்டான். உக்கார எடமில்ல" என்பாள், கால்களை வெந்நீரில் வைத்தபடி. டோயா என் பெயர், நீன்யா என்றால் சின்னப்பெண். எங்கள் நாட்டில் வயதான பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவது. எழுபத்து நான்கு வயதில் நான் சின்னப்பெண்.

யாமிலெத்தும் அந்தப் பள்ளியில்தான் ஒன்பதாவது படித்தாள். கட்டடத்துக்குப் பின்னால் பைன் மரங்களுக்கு நடுவே பத்து நிமிட நடை. பெரிய ரோட்டுக்கு வேலையே இல்லை. ஒதிலியாவின் நிம்மதி எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருந்தது.

அப்போதுதான் உறை வந்தது. பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுப் பள்ளி திறக்கப்போகிறார்களாம். கூட்டத்தைக் குறைக்க, எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று கோடு மாற்றிப் போடுகிறார்களாம். என் மகன் ரிகோ வரைபடத்தை மேசையில் விரித்தான். எனக்குப் படிக்கத் தெரியாது, நிறம் தெரியும்.

"நாம எந்த நிறம்?" என்றேன்.

"இதுவரைக்கும் பச்சை. இனிமே மஞ்சள்" என்றாள் யாமிலெத். "கோடு நம்ம கட்டடத்தை ஒட்டியே போகுது. குப்பைத் தொட்டி பழைய ஸ்கூலுக்கு, நாம புது ஸ்கூலுக்கு."

ரிகோ சிரித்தான். ஒதிலியா சிரிக்கவில்லை. "பஸ் விடுவாங்களா?"

"ரெண்டு மைலுக்குள்ள இருந்தா பஸ் கிடையாது. நமக்கு ஒன்னேகால் மைல். நடந்துதான் போகணும்" என்றான் ரிகோ.

"ரோட்டைத் தாண்டியா?"

யாமிலெத், "அம்மா, சிக்னல் இருக்கு" என்றாள்.

"உங்க மாமாவுக்கும் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஒதிலியா எழுந்துபோய்ச் சட்டியில் வெந்துகொண்டிருந்த பீன்ஸைக் கிண்டினாள். அது அடிபிடிக்கவே இல்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளி வாரியம் மக்கள் பேச்சைக் கேட்கும் என்று உறையில் இருந்தது. ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒதிலியா பேரைக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் அந்த விதி தெரிந்தது. மைக் முன்னால் முதலில் பெயரையும் வீட்டு முகவரியையும் உரக்கச் சொல்ல வேண்டும். கூட்டம் டிவியிலும் போகும்.

முகவரி என்றால் என் கதவு நம்பர். வீடு என் பெயரில். வாடகைக் காகிதத்தில் ஐந்து பேர்: நான், ரிகோ, மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். இருந்தது ஏழு பேர். போன வருடம் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பத்தை இதே காரணத்துக்காகக் கட்டட மேனேஜர் அம்மாள் வெளியேற்றினாள். அவர்கள் மெத்தை ஒரு வாரம் தெருவோரம் நனைந்து கிடந்தது. ஒதிலியாவுக்கோ இந்த நாட்டில் இருக்க ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற அனுமதிக் காகிதம். அரசாங்கத்தின் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது என்று இருந்தவள்.

"என்ன வேணா பேசு. என் கதவு நம்பர் மட்டும் உன் வாயிலேர்ந்து வரக் கூடாது" என்றேன்.

"சொல்லாம பேச விட மாட்டாங்களாம், நீன்யா டோயா."

"அப்ப பேசாத."

அன்று முதல் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பேச்சை மனப்பாடம் செய்கிறாள் என்று தெரிந்தது. நான் இறங்கி வரவில்லை. என் பிடிவாதம் ஊர் அறிந்தது.

கூட்டத்துக்கு நானும் போனேன், அவள் வாயைக் காவல் காக்கத்தான். அரங்கு நிறைய நீலச் சட்டைக்காரர்கள். பெரிய வீடுகள் இருக்கும் தெருக்களிலிருந்து ஒரே மாதிரி சட்டை தைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளையும் கோடு தொட்டிருந்தது. அவர்களில் ஒருவர் பேசியதை மொழிபெயர்ப்பாளன் எங்கள் காதுக் கருவியில் சொன்னான்: "ஸ்கூல்ல கூட்டம் எங்கிருந்து வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த அடுக்குமாடியில ஒரு வீட்டுல எத்தனை பேர் இருக்காங்கன்னு யாராவது போய் எண்ணினீங்களா?"

கைதட்டல். நான் ஒதிலியாவைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஆள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். உண்மை என்பதால் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாற்பத்தோராவதாக அவளைக் கூப்பிட்டார்கள். ஞாயிறு பூசைக்குப் போடும் பழுப்புப் பாவாடையில் போய் நின்றாள். உயரமான மேசைக்குப் பின்னால் ஒன்பது பேர்.

"பெயர், முகவரி" என்றாள் வாரியத் தலைவி.

"ஒதிலியா மெஹியா." அதோடு நின்றுவிட்டாள்.

"முகவரி?"

"நான்... ஸ்கூல் சமையலறைல இருக்கேன்."

சிலர் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை, கெட்டவளும் இல்லை. "வீட்டு முகவரி சொல்லுங்கம்மா. அது இல்லாம நேரத்தை ஆரம்பிக்க முடியாது."

ஒதிலியா திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சல் இல்லை அந்தப் பார்வையில். சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள் என்கிற பார்வை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தலைவி அடுத்த ஆளின் சீட்டை எடுத்துவிட்டாள்.

எழுந்தது என் முழங்கால்தான், நான் இல்லை என்று பிறகு ரிகோவிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

"கட்டடம் பி! முந்நூத்தி ஏழு!" என்று கத்தினேன். "அது என் வீடு. அவ அங்கதான் இருக்கா, அவ மகளும் அங்கதான் இருக்கா!"

மொழிபெயர்க்கிற பையன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான்.

"என்ன பாக்கற? அப்படியே சொல்லு, ராசா. ஒன்ன விட்டுடாத."

சொன்னான். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அந்த மூன்று எண்களை மட்டும் கதவில் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். அதைத்தான் ஊருக்கே படித்துக் காட்டினேன்.

ஒதிலியா மைக் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "கூட்டம் இருக்குன்னு உங்களுக்கு யாரும் சொல்ல வேணாம், நான் சொல்றேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து எழுநூறு தட்டு வைக்கறேன். பிள்ளைங்க நின்னுக்கிட்டு சாப்பிடறாங்க. கோடு போடாதீங்கன்னு நான் கேக்கல, போடுங்க. அந்த ரோட்டுல மட்டும் பிள்ளைங்கள நடக்க விடாதீங்க. எங்க ரெண்டு கட்டடத்துலேர்ந்து பதினோரு பிள்ளைங்க. ஒரு பஸ் போதும்."

நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது.

"சிவப்பு எரியுது, தெரியுது" என்றாள். "என் தம்பி தாண்டினப்ப காருக்குச் சிவப்புதான் எரிஞ்சுது. கார் நிக்கல."

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்தேன். கூட்டம் முடியும்வரை விடவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கதவு தட்டினால் எல்லோரும் அப்படியே நிற்போம், யாமிலெத் மட்டும் குளியலறைக்குள் போய்விடுவாள். ஒன்பதாம் நாள் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை வீட்டைப் பார்வையிட வருகிறார்கள். இரண்டு மெத்தைகளை ரிகோ வண்டியில் ஏற்றி நண்பன் வீட்டில் போட்டான். துணி, செருப்பு, யாமிலெத்தின் புத்தகம் எல்லாம் போனது. உள்ளறையில் தையல் மிஷினை வைத்து, அது தையல் அறை என்று முடிவு செய்தோம்.

மேனேஜர் அம்மாள் ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். தையல் மிஷினைப் பார்த்துத் தலையாட்டினாள். குளியலறைக்குப் போனாள். வெளியே வரவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெத்தையை ஒளித்தோம், பல் தேய்க்கும் பிரஷ்களை மறந்துவிட்டோம்.

"ஏழு பிரஷ் இருக்கே" என்றாள்.

"மூணு என்னோடது" என்றேன்.

"உங்களுக்குப் பல்லே நாலுதானேம்மா?"

"அதனாலதான் நல்லா தேய்க்கறேன்."

அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. ஆனாலும் காகிதத்தில் எழுதினாள். முப்பது நாள். கூடுதலாக இருக்கிற இருவரும் போகாவிட்டால் ஏழு பேரும் போக வேண்டும். நான் போக விடமாட்டேன் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒதிலியா என் முன்னால் குந்தி, "பேரப்பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போவீங்க, நீன்யா டோயா?" என்று கேட்டாள். நான் நாற்காலியை உள்ளே எடுத்து வைத்தேன்.

ஜூனில் வாரியம் முடிவு சொன்னது. கோடு அப்படியே. எங்கள் இரண்டு கட்டடங்களுக்கு ஒரு பஸ் உண்டு.

ஜூலையில் அவர்கள் போய்விட்டார்கள். கிடைத்தது ஒரு ஹோண்டுராஸ்காரி வீட்டின் அடித்தள அறை, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து புதுப் பள்ளிக்கு யாமிலெத் ஐந்து நிமிடத்தில் நடந்துவிடுகிறாள், எந்த ரோட்டையும் தாண்டாமல். ஒதிலியா கேட்டு வாங்கின பஸ் தினமும் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கிறது. ஏறுவது பத்துப் பிள்ளைகள்.

ஆனால் ஒதிலியாவின் அடுப்பு இன்னும் இந்தப் பக்கத்துப் பழைய பள்ளியில்தான். வேலை நேரத்துக்கு அந்த வழியில் பஸ் கிடையாது. காலை ஐந்தே முக்காலுக்கு அவள் அந்த ரோட்டைத் தாண்டுகிறாள். இப்போது நவம்பர், அந்த நேரத்தில் இருட்டு விலகுவதில்லை. ரிகோ தன் கட்டட வேலையில் போடும் ஆரஞ்சுச் சட்டையை அவளுக்குக் கொடுத்திருக்கிறான். வெள்ளைச் சைக்கிள் கட்டிய கம்பத்துக்குப் பக்கத்தில்தான் நின்று சிக்னலைப் பார்க்க வேண்டும். இப்போது கண்ணை மூட முடியாது.

இந்தப் பக்கம் வந்ததும் எனக்குப் போனில் ஒரு மணி அடித்து வைத்துவிடுவாள். அதுதான் எங்கள் ஏற்பாடு. நேற்று ஆறு அடித்தும் போன் வரவில்லை. ஆறேகாலுக்கும் வரவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி பாதி இறங்கிவிட்டேன். அப்போது பையில் மணி அடித்தது.

"பால் வண்டி சீக்கிரம் வந்துடுச்சு, நீன்யா டோயா. எறக்கிட்டு இருந்தேன், மறந்துட்டேன்."

"பால் எக்கேடு கெட்டா என்னடி? முதல்ல எனக்கு அடி!" என்று திட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க ரிகோ வந்து கை கொடுக்க வேண்டியிருந்தது.