மேல் டிவிஷனில் மழை என்றார்கள்

என் பழைய நாட்குறிப்பு ஒன்றில் ஒரே வாக்கியம் எட்டு இடங்களில் இருக்கிறது: "மேல் டிவிஷனில் மழை என்று குரல் கேட்டது. மழை இல்லை." நான் நாள் தவறாமல் வெயிலையும் மழையையும் எழுதி வைக்கிறவன். அதனால் இதையும் எழுதினேன். ஏன் அப்படிக் கத்துகிறார்கள் என்று முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு பெண் உயிரோடு இருந்திருப்பாள்.

அப்போது மலாயாவில், பீடோருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் டிரெசராக வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரி அடிவாரத்தில் இருந்தது. அதே தோட்டத்தின் மேல் டிவிஷன் நான்கு மைல் தள்ளி, குன்றின் மேல். வாரத்தில் இரண்டு நாள் காலை அங்கே போய், கூலிகளின் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் காய்ச்சலாகப் படுத்திருப்பவர்களுக்குக் கொய்னா கொடுக்க வேண்டும். என்னிடம் இருந்த மோட்டார் சைக்கிள், மருந்துப் பெட்டியைக் கட்டினால் ஏற்றத்தில் திணறி நின்றுவிடும். வண்டியை மேலே தள்ளிவிட்டு, திரும்பி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன்.

ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் வண்டியைக் காட்டினேன். அவர் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை மாற்றினார். புகைக்குழாயில் சத்தத்தை அடக்கும் டப்பாவை அறுத்தெறிந்துவிட்டு, அந்த இடத்தில் நேர்க்குழாயைப் பற்றவைத்தார். உதைத்துக் கிளப்பியதும் தெருவே திரும்பிப் பார்த்தது.

"குவாட் லா!" என்று கட்டைவிரலை உயர்த்தினார். "துவான் புசார் மாதிரி!"

நல்ல பலமாம்; பெரிய துரையின் வண்டி போல இருக்கிறதாம். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அதை மட்டும் அன்று எழுதாமல் விட்டிருக்கிறேன்.

குன்றின் அடிப் பாலத்திலிருந்து லயம் வரை முன்பு இருபத்தாறு நிமிடம் ஆகும். இப்போது ஒன்பது போதும். லயங்களுக்குக் கீழே மண்படி தொடங்கும் இடத்தில் இன்ஜினை நிறுத்துவேன். நிறுத்திய மறுகணம், கதவைச் சாத்திய பிள்ளைக் கொட்டகையிலிருந்து ஆயாவின் குரல் கேட்கும். "மழை வருதுடீ! பாயை எடுங்க!" வானம் துடைத்துவிட்டது போலிருக்கும். அவளுக்கு ஏதோ மூளைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது. பத்துப் பதினொரு பேர் படுத்துக் கிடந்த லயத்தில் முதல் வாரம் நான்கு பேர், அடுத்த வாரம் இரண்டு பேர் என்று நோயாளிகள் குறைந்தார்கள். "கொய்னா நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். துரை என் முதுகில் தட்டினார்.

எட்டாவது முறை போனபோது லயத்தில் ஒருவரும் இல்லை. ஒரு அறையில் பாய் விரித்தபடி கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். வியர்வை ஈரம், சூடு ஆறவில்லை. பக்கத்தில் தகரக் குவளையில் கஞ்சி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டபோது வராதவர்கள் எட்டுப் பேர் என்று அன்றுதான் கூலிகளை மேய்க்கும் தண்டல் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்.

கொட்டகைக் கதவிடுக்கில் ஆயா எட்டிப் பார்த்தாள்.

"அட, டிரெசரய்யாவா! ஏங்கய்யா, தொரை வண்டிய வாங்கிட்டீங்களா?"

"என் வண்டிதாம்மா. மழை எங்க வருது?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "மழைன்னா தொரைங்க."

பிரட்டுக்கு வராமல் படுத்திருப்பவர்களைத் தேடித் துரை பிரம்போடு லயத்துக்கு வருவது வழக்கம். காய்ச்சல் என்றாலும் அடிதான். அவருடைய வண்டிச் சத்தம் பாலத்தில் கேட்டதுமே ஆயா குரல் கொடுக்கத் தொடங்கி, வண்டி வந்து நிற்கும்வரை கத்துவாள். எழுந்து நடக்க முடிந்தவர்கள் கித்தா என்னும் ரப்பர் மரங்களுக்குள் ஓடி ஒளிவார்கள்.

"அப்ப இத்தன நாளும் நாந்தான் மழையா?"

"ரெண்டு வண்டிக்கும் ஒரே சத்தம். கேட்டா ஓடுறதுதாங்கய்யா. நின்னு மூஞ்சியப் பாத்துட்டா ஓட முடியும்?" என்றவள் வாயருகே கையைக் குவித்தாள். "மழை விட்டிருச்சு! டிரெசர் லா! வாங்க!"

மரங்களுக்கு நடுவிலிருந்து கம்பளியும் சாக்கும் போர்த்தி, நடுங்கிக்கொண்டே வந்தார்கள். "கொய்னா கசப்புக்கே ஓடுவோம், இதுல தொரை சத்தம் வேறயா லா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே எண்ணினேன். ஏழு பேர்.

"அந்தச் சின்னப் பொண்ணு எங்கடீ?" என்று ஆயா கேட்டாள். சூடான பாய்க்கு உரியவள் அவள்.

ஒன்பது மர வரிசைகளுக்கு அப்பால், தண்ணீர் வடியும் கானுக்குள் கிடந்தாள். முந்தின நாள் மழையில் அங்கே ஒரு சாண் தண்ணீர் நின்றது. கண்ணில் படக்கூடாதென்று அதிலேயே ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காய்ச்சல் நூற்றைந்து டிகிரி. ரப்பர்ப் பால் எடுக்க மரம் சீவிக்கொண்டிருந்த அவள் புருஷன் கத்தியைக்கூடக் கீழே போடாமல் ஓடிவந்தான்.

"அய்யா, வண்டியில வச்சிக் கொண்டு போயிரலாங்கய்யா."

அவன் அவளைத் தூக்கிப் பின்னால் உட்கார்ந்தான். நான் உதைத்தேன். அந்தச் சத்தத்துக்கு, மூடிய கண் திறக்காமலே, அவள் அவன் கையிலிருந்து திமிறிக் கீழே விழுந்தாள். "மழை, மழை" என்று முனகிக்கொண்டு மரங்களை நோக்கி ஊர்ந்தாள். இன்னொரு தடவை முயன்றோம். அப்போதும் அதேதான். மூன்றாவது முறை உதைக்க என் கால் எழவில்லை.

சேலையைக் கம்பில் கட்டித் தூளியாக்கி நான்கு பேர் சுமந்தோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வண்டி மண்படியில் அப்படியே நின்றது. பிற்பகல் மூன்று மணிக்கு அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டம் சிறியது. "மலேரியா" என்று எழுதினேன்.

மறுவாரம் பழைய பல்சக்கரத்தையும் வேறொரு டப்பாவையும் பொருத்தச் செய்தேன். வண்டி பழையபடி ஏற்றத்தில் திணறியது. லயத்தில் நோயாளிகள் மறுபடி பதினொரு பேர் ஆனார்கள். துரை பதிவேட்டைப் புரட்டிவிட்டு, தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "கொய்னா கெட்டுப் போச்சா?"

"ஆமாம் துரை" என்றேன். அவருடைய பிரம்பு மேசைமேல் கிடந்தது.

இப்போது ஈப்போவில் இருக்கிறேன். மோட்டார் சைக்கிள் இல்லை. அடுத்த வீட்டு அக்கா கொடித் துணியை எடுக்க ஓடும்போது, "மழை வருது!" என்று எங்களுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பாள். நல்ல மனசு அவளுக்கு. பெரும்பாலும் உண்மையாகவே மழை வரும். நான் துணியை எடுப்பதற்கு முன், வீட்டுக்குப் பின்னால் போய்க் கானை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன்.