கண்டக்டரின் நாற்காலி

எதிர்வீட்டுக் கண்டக்டருக்கும் எனக்கும் ஆகாது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றே வேலை பார்த்தவர் என்ற திமிர், ரிட்டயர் ஆன பிறகும் அவருக்குக் குறையவில்லை. முழங்கால்தான் தேய்ந்துவிட்டது.

அவர் மகன் புது சோபா வாங்கினான். உட்கார்ந்தால் ஆளையே உள்ளே இழுக்கும். அதன் பக்கத்தில் அவருடைய பழைய மர நாற்காலி அசிங்கமாக இருக்கிறதென்று மருமகள் அதை என் தையல் கடைக்குக் கொடுத்துவிட்டாள். சும்மா வந்ததை விடுவேனா? அன்றே என் முக்காலியை மூலையில் தள்ளினேன். இடுப்பு வலி பாதி போயிற்று.

அவர் பாடுதான் திண்டாட்டம். சோபாவிலிருந்து எழ யாராவது கை கொடுக்க வேண்டும். பாத்ரூம் போவதற்குக்கூட மகனைக் கூப்பிட வேண்டும். "சும்மா உக்காருங்கப்பா, எதுக்கு அலையறீங்க?" என்பான். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒருநாள் கம்பை ஊன்றி என் கடை வாசலுக்கு வந்தார்.

"என் நாற்காலியில உக்காந்து எந்திரிக்கணும். கையை ஊனாம எந்திரிச்சாதான் தொடையில பலம் வரும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"உங்க நாற்காலியா? எனக்குக் குடுத்தாச்சு சார்."

"குடுத்தது நான் இல்லய்யா."

முறைத்துக்கொண்டே எழுந்து இடம் விட்டேன். தினமும் வந்தார். அவர் முனகலையும் திட்டையும் கேட்டு, துணி தைக்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். பொறுத்துப் பார்த்து, ஒரு காலையில் மூலையில் கிடந்த என் குட்டை முக்காலியை அவர் முன்னால் தள்ளினேன். சோபாவைவிடத் தாழ்வானது அது.

"முடிஞ்சா இதுல எந்திரிங்க பார்ப்போம்."

உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டே எழுந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அன்று மதியம் எதிர்வீட்டில் மருமகள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. ஓடினேன். சோபா நனைந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் கண்டக்டர். மகன் போனும் கையுமாக நின்றான்.

"கூப்பிட்டிருக்கலாம்லப்பா?"

"கூப்பிட்டேன். ரெண்டு நிமிஷம்னு சொன்னே."

"அதுக்காக..."

"நாற்காலி இருந்திருந்தா நானே எந்திரிச்சுப் போயிருப்பேன்."

பொய். முக்காலியிலிருந்து எழுந்தவருக்கு இந்த சோபா எம்மாத்திரம்? சொல்ல வாயெடுத்தேன். சில்லறை இல்லாத பயணியைப் பார்ப்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தார். மானத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலமே மகன் வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான்.

எனக்கு மறுபடி முக்காலி, மறுபடி இடுப்பு வலி. மெஷினைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறேன். எதிர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, அவர் நான் எழுவதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"டெய்லர், கையை எடுய்யா. எடுத்துட்டு எந்திரி."