விளாங்குடி ரோட்டுச் சுமைதாங்கி

இன்றும் விளாங்குடியிலிருந்து சிம்மக்கல்லுக்குக் கீரைக்கட்டோடு நடந்தேன். பாதி வழியில் சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கல்லைக் காணோம்.

வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன என் பெண்சாதிக்காக நான் நட்ட கல் அது. அதில் சாய்ந்து மூச்சு வாங்கித்தான் இந்த வயதிலும் நடக்கிறேன்.

ரோடு வேலை பார்க்கும் ஓவர்சியரிடம் கேட்டேன்.

"மோட்டாருக்கு இடைஞ்சல், பெருசு. வாய்க்காலுக்கு மூடியாப் போட்டாச்சு. நீரும் பஸ்ஸுல போமேன்!"

"கால் இருக்கையில பஸ்ஸு எதுக்குய்யா? எம் பொண்டாட்டி கல்ல மிதிச்சுப் போகச் சொல்றியா?"

சிரித்தான்.

கீரைக்கட்டை நடுரோட்டில் இறக்கி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மோட்டார்க்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்தான்.

நாளைக்கும் அங்கேதான் இளைப்பாறுவேன். கால் வலிக்கிற கிழடுகள் யார் யார் வருகிறீர்கள்?