பேசாமல் இருக்க வேண்டிய அரை மணி

நான் தூக்கத்தில் பேசுகிறேன் என்று என் கணவர் ஒரு நாள் காலை காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்.

"நேத்து எங்க ஹெட்மாஸ்டரைப் பத்தி உங்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். நீ கண்ணை மூடிக்கிட்டே, 'மூணு நிமிஷம் ஆயிடுச்சு சார், எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?'ன்னு கேட்ட."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேணாம்னுட்டேன். திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

அது 1991, ஜூன் மாதம். ஸ்ரீபெரும்புதூரில் நான் டெலிபோன் ஆபரேட்டர். மே மாதம் எங்கள் ஊரில் வெடித்த குண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று காஞ்சிபுரத்தை அடையாளம் சொல்லித்தான் விளக்குவோம். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உலகத்தில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் எங்கள் ஊரைக் கூப்பிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் எதிரே இருந்த போர்டில் அழைப்பு வந்தால் ஒரு குட்டி விளக்கு எரியும். அதற்குக் கீழே இருக்கும் துளையில் ஒயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். மற்ற நாட்களில் இரண்டோ மூன்றோ எரியும். நடுவில் பூ கூடத் தொடுக்கலாம். அந்த வாரங்களில் போர்டு கார்த்திகை தீபம் மாதிரி இருந்தது. பத்திரிகைக்காரர்களுக்கு எல்லாமே அவசரம். அதிகாரிகளுக்கு அதைவிட அவசரம். இவர்களுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு அம்மா, "என் மகன் அந்த ஊர்ல லேத்துப் பட்டறையில இருக்கான், நல்லா இருக்கானான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா" என்று அழுவாள். ட்ரங்க் காலுக்கு மூன்று நிமிஷம்தான் கணக்கு; அவளிடமும் அது முடிந்துவிட்டது என்று சொல்வதுதான் என் வேலை.

வேலை வீட்டுக்கும் வந்தது. பால்காரரிடம், "லைன் கிடைக்கல, அப்புறம் ட்ரை பண்ணுங்க" என்றேன். அக்காவைப் பார்க்க வாலாஜாபாத் போகும்போது பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. என் கை தானாக அங்கே போய்விட்டது. "ஏம்மா, நீ ஓட்டப் போறியா?" என்று கேட்டார் அவர்.

கடைசியில் டாக்டரம்மாவிடம் போனேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மறுபடியும் அடித்துப் பார்த்தார். "பிரஷர் ஏறியிருக்கு. உனக்கு முப்பத்தஞ்சு வயசுதான் ஆகுது, இப்பவே மாத்திரை வேணாம்னு பார்க்கறேன். காலையில எழுந்ததும் அரை மணி நேரம் யார்கிட்டயும் பேசாத. ஒரு வார்த்தை கூடாது. தினமும் அதே நேரம், அதே மாதிரி. ஒரு மாசம் கழிச்சு வா" என்றார்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு விஷயத்தை அட்டவணை போடாமல் அவரால் புரிந்துகொள்ள முடியாது. அன்று மாலையே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இரண்டு நிற மையில் எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டினார். ஐந்து மணி எழுந்திருத்தல். ஐந்து பத்து முகம் கழுவுதல். ஐந்து இருபது முதல் ஐந்து ஐம்பது வரை அமைதி. அமைதியின் கீழே சிவப்பில் இரண்டு கோடு.

மறுநாள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். ஐந்து இருபத்திரண்டுக்கு அவர் எட்டிப் பார்த்தார். "ஆரம்பிச்சாச்சா?" தலையை ஆட்டினேன். ஐந்து இருபத்தெட்டுக்கு, "எப்படி இருக்கு? ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்றார். ஒன்பது வயது மகள் எழுந்து வந்து அவள் ரிப்பன் எங்கே என்றாள். உடனே அவர், "உஷ்! அம்மா அமைதியா இருக்கா!" என்று போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் அடுப்பில் பால் இருந்தது. அவர் அதன் பக்கத்திலேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பால் மேலே வருவது எனக்குக் கூடத்திலிருந்தே தெரிந்தது. பேசக் கூடாதே. உள்ளங்கையைக் கீழேயிருந்து மேலே மேலே உயர்த்திக் காட்டினேன்.

"எந்திரிக்கணுமா? நான் நின்னுக்கிட்டுதானே இருக்கேன்."

இன்னும் வேகமாகக் காட்டினேன்.

"ஓ, அவளையா?" என்று திரும்பி, "ஏய், அம்மா உன்னை எழுந்திரிக்கச் சொல்றா!" என்று மகளை எழுப்பினார். பால் வழிந்து, அடுப்பு அணைந்து, தரையெல்லாம் ஓடியது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "இதைச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அப்போது மணி ஐந்து நாற்பத்தொன்று. மிச்சம் ஒன்பது நிமிஷமும் நான் வாயைத் திறக்காமல் இருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அமைதி வேண்டுமானால் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. எங்கள் தெரு முடிந்து பத்து நிமிஷம் நடந்தால் ஏரிக்கரை. அங்கே மதகின் மேல் அகலமான கல் ஒன்று உண்டு. அடுத்த நாள் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் குறைந்து சேற்றில் கொக்குகள் நின்றன. காற்று வந்தது. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அரை மணி முடிந்து எழுந்தபோது கால் மரத்திருந்தது, மனசு லேசாக இருந்தது. இதுதான் இடம் என்று தீர்மானித்தேன்.

இரண்டாவது நாள் போலீஸ் வந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் காக்கிச்சட்டைகள்தான் அதிகம். தெற்கிலிருந்தெல்லாம் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். புதுமுகம் யாரைப் பார்த்தாலும் விசாரிப்பார்கள். அவர்களுக்கோ ஊரில் எல்லாருமே புதுமுகம். வந்தவர் இளம் கான்ஸ்டபிள். கையில் லத்தி, கண்ணில் தூக்கம்.

"ஏம்மா, இங்கன என்ன செய்யுதீய?"

நான் அப்போதுதான் பதின்மூன்று நிமிஷம் முடித்திருந்தேன். இருபத்தைந்து நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில் கெடுத்துக்கொண்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று என் கணவர் ஒரு விதி வேறு போட்டிருந்தார். ஆகவே பேசவில்லை. சிரித்தேன்.

"கேக்கேன்லா? பேர் என்ன? எந்த ஊரு?"

கடிகாரத்தின் பட்டை அறுந்திருந்ததால் அதைக் கல்லின் மேல் வைத்திருந்தேன். அதைச் சுட்டிக்காட்டினேன். பிறகு பத்து விரலைக் காட்டி, ஏழு விரலைக் காட்டினேன். இன்னும் பதினேழு நிமிஷம் பொறுங்கள், எல்லாம் சொல்கிறேன் என்று அர்த்தம்.

"என்னது பதினேழு?"

மறுபடி கடிகாரத்தைக் காட்டினேன். அதற்குள் ஒரு நிமிஷம் ஓடிவிட்டதால், நாணயமாக, பத்தும் ஆறும் காட்டினேன்.

அந்தப் பையனின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஏன் என்று அந்த நொடியில் எனக்கு விளங்கவில்லை. விடியற்காலையில், அதுவும் அந்த வருஷத்தில், அதுவும் எங்கள் ஊரில், வாய் திறக்காத ஒரு பொம்பளை கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிஷத்தைக் குறைத்துக் குறைத்துக் காட்டினால் யாருக்குத்தான் வெளுக்காது? அவர் திரும்பாமலே நாலைந்து அடி பின்வாங்கினார். பிறகு விசிலை எடுத்து ஊதினார். கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின.

இரண்டு நிமிஷத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். மீசையும் தொப்பையுமாக இருந்தார். கான்ஸ்டபிள் தூரத்திலிருந்தே, "ஐயா, கிட்டப் போகாதீய! வாட்ச் வச்சிருக்காவ!" என்று கத்தினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. டாக்டராவது அரை மணியாவது, பேசித்தான் ஆக வேண்டும். வாயைத் திறந்தேன். பயத்தில் வேறெதுவும் வரவில்லை.

"நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

சப் இன்ஸ்பெக்டர் அப்படியே நின்றார். தலையைச் சாய்த்து, "இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார்.

"நம்பர் ப்ளீஸ்."

"அட, நம்ம எக்ஸ்சேஞ்ச் மேடமா நீங்க! ஒரு மாசமா தெனிக்கும் உங்க குரலைத்தானே கேட்டுக்கினு கீறேன்! இன்னா மேடம், இங்க வந்து குந்திக்கினு கீறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். பிரஷர், டாக்டர், அட்டவணை, பால். அவர் சிரித்துச் சிரித்து மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். பிறகு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, "இந்தம்மா இங்க அரை மணி நேரம் பேசாம இருக்கணும். எவனும் தொந்தரவு பண்ணாம பாத்துக்கினு இரு" என்றார். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். கான்ஸ்டபிள் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து என் அமைதிக்குப் போலீஸ் காவல். சைக்கிளில் போகிறவர் மணி அடித்தால், "ஏய், சத்தம் காட்டாதீய! அம்மா மௌனத்துல இருக்காவ!" என்று ஒரு அதட்டல். ஏரிக்கு எருமை ஓட்டி வருகிற ஒரு பெண் உண்டு, என் வயதுதான் இருக்கும். அவள் எருமைகளை அதட்டும் குரல் எங்கள் தெருவரைக்கும் கேட்கும். அவளையும் மிரட்டி, அவள் ஜாடையிலேயே எருமை ஓட்டுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

போலீஸ் காவல் காக்கிற மௌனம் சாதாரண மௌனமாக இருக்க முடியாது என்று அந்தப் பெண் யோசித்திருக்கிறாள். ஐந்தாவது நாள் ஒரு எலுமிச்சம்பழத்தை என் முன்னால் வைத்துவிட்டு, குரலை அடக்கி, "அம்மா, என் தம்பிக்கு ரோட்டு மேல புதுசா வந்த கம்பெனில வேலை கெடைக்குமா?" என்றாள். ஐயோ, நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று இரண்டு கையையும் பலமாக ஆட்டினேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தத் தம்பிக்கு நாலே நாளில் வேலை கிடைத்துவிட்டது. "ரெண்டு கையையும் வீசி, போ, கவலை வுடுன்னு சொன்னாங்க" என்று அவள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமை நான் போனபோது மதகின் பக்கத்தில் ஏழு பேர். வடக்குப்பட்டிலிருந்து அவளுடைய நாத்தனார் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். கான்ஸ்டபிள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, "ஒவ்வொருத்தரா போங்க, தள்ளாதீய" என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்தேன். ஒருத்தி மகள் கல்யாணம் என்றாள். ஒருத்தர் தண்ணீர் வராத போர்வெல் என்றார். என் முன்னால் எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. எனக்கு அவை பழமாகவே தெரியவில்லை. போர்டில் விளக்குகள் எரிகிற மாதிரியே இருந்தது. படபடவென்று வந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் சாமியுமில்ல, சாமியாருமில்ல! டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை செய்யறவ! எனக்கு பிரஷர்! டாக்டர் பேசாதன்னு சொன்னதால பேசாம இருக்கேன்!"

கான்ஸ்டபிளின் முகத்தில் பெரிய ஏமாற்றம். கல்லெறிவார்களோ என்று நான் பயந்தேன்.

எருமைக்காரப் பெண்தான் முதலில் பேசினாள். "பிரஷரா? இத்த மொதல்லயே சொல்லக்கூடாதா? எங்க நாத்தனாருக்கும் கீது."

"எனக்கு ரெண்டு வருசமா கீதும்மா" என்று நாத்தனார் வரிசையை விட்டு வெளியே வந்து என் பக்கத்தில் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "தலை சுத்துமே, உனுக்கு சுத்துதா?"

போர்வெல்காரருக்கு மூட்டுவலி. கல்யாணக்காரிக்குத் தூக்கம் வருவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் சீரை எண்ணிக்கொண்டே விடிந்துவிடுகிறது. எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். யார் எப்போது சிரிக்க ஆரம்பித்தார்கள் என்று நினைவில்லை. நான் பால் பொங்கிய கதையைச் சொன்னேன். எருமைக்காரி தன் வூட்டுக்காரன் குறட்டையை நடித்துக் காட்டினாள். கான்ஸ்டபிள் லத்தியை மடியில் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழங்களை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு கலைந்தபோது மணி ஆறரை தாண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து தலை வாரிக்கொண்டபோதுதான் கவனித்தேன், நான் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து நான் தினமும் போனேன், பேசுவதற்காகவே. நாங்கள் பேசியதில் முக்கியமானது என்று ஒன்றுமே கிடையாது. எதையும் நான் யாருக்கும் இணைத்துக் கொடுக்க வேண்டியதில்லை, யாரையும் நடுவில் வெட்ட வேண்டியதில்லை.

கான்ஸ்டபிளின் விஷயம் அப்படித்தான் தெரிய வந்தது. அவர் மனைவிக்கு அது பிரசவ மாதம். ஆறு வாரமாக அவளோடு பேசவில்லை. ஊரில் மளிகைக்கடையில் மட்டும்தான் போன். "நம்பர் தெரியுமா?" என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து வியர்வையில் நைந்த ஒரு சீட்டை எடுத்தார். அன்று என் டியூட்டியில் ட்ரங்க் கால் புக் செய்து, மனைவியைக் கடைக்கு வரச் சொல்லிவிட்டு, அவரை எக்ஸ்சேஞ்சுக்கு வரச் சொன்னேன். லைன் கிடைத்தது. ஏரிக்கரையில் அத்தனை பேரையும் அதட்டிய மனிதர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார்.

"பேசுங்க, லைன்ல இருக்காங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பக்கம் அந்தப் பெண்தான் பேசிக்கொண்டே இருந்தாள். இவர், "ம்… ம்… சரிட்டி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா பட்டையைச் சுற்றிப் பார்த்தார். "நல்லா எறங்கியிருக்கே! பார்த்தியா, பேசாம இருந்தா எவ்வளவு நல்லது!" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு எழுந்துகொண்டேன். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள், இது நீளமான கதை.

கான்ஸ்டபிளுக்கு ஆடி முடிவதற்குள் மாற்றல் வந்தது. பெண் குழந்தை என்று ஒரு கார்டு போட்டார். ஐப்பசியில் ஏரி நிரம்பி மதகுக் கல் தண்ணீரில் முங்கிவிட்டது. எருமைக்காரி, "வூட்டாண்ட வா, கொட்டாயில குந்திப் பேசலாம்" என்றாள். அங்கேதான் நான் பால் கறக்கக் கற்றுக்கொண்டேன். எருமை முதல் நாளே உதைத்தது. சேற்றில் உட்கார்ந்தபடி நான் சொன்ன வார்த்தைகளை அதுவரை என் வாயால் நானே கேட்டதில்லை. எருமைக்காரி செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப உன் பிரஷரைப் பாக்கச் சொல்லு, சுத்தமா எறங்கியிருக்கும்" என்றாள்.