பதினொரு நிமிடத்தில் முடிந்த மூன்று வாரம்

அடுகோடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் எனக்கு பேக்எண்ட் வேலை. செயலியில் நீங்கள் பார்க்கும் திரைக்குப் பின்னால் நடப்பதெல்லாம் அதுதான். கண்ணில் படாத வேலை என்பதால் எத்தனை நாள் ஆகும் என்று நான் சொல்வதை நம்பித்தான் ஆகவேண்டும். ஐந்து நாள் வேலைக்கு மூன்று வாரம் கேட்பேன். ஒன்பது வருடமாக இப்படித்தான் திறமைசாலியாக இருக்கிறேன்.

அன்று ஒரு பல் மருத்துவமனைக்கான முன்பதிவுச் செயலி. காலைக் கூட்டத்தில் மேனேஜரம்மாவிடம் மூன்று வாரம் என்று சொல்லி, முகத்தில் கொஞ்சம் கவலையும் காட்டிவிட்டு என் இடத்துக்கு வந்தேன். கம்பெனி புதிதாகத் தந்திருந்த ஏஐ கருவியிடம், விளையாட்டாக, வேண்டியதை ஒரு பத்தியில் எழுதிக் கொடுத்தேன். அடுத்தடுத்து எதற்கெல்லாமோ அனுமதி கேட்டது. எதையும் படிக்காமல் ‘எல்லாவற்றுக்கும் சரி’ என்று அழுத்துவது என் பழக்கம். அழுத்திவிட்டு, நண்பரோடு ஒன்றை இரண்டாகப் பிரித்த பை-டூ காபி குடிக்கக் கீழே போனேன்.

திரும்பி வந்தால் திரை முழுக்கப் பச்சை டிக். டேட்டாபேஸ் டேபிள்கள் போட்டாயிற்று, புரோகிராம் கோடு எழுதியாயிற்று. சோதனையில் இரண்டு தோற்க, அவற்றையும் தானே திருத்தி, கடைசியில் சர்வரிலும் ஏற்றிவிட்டிருந்தது. என் சுறுசுறுப்பை ஊர் அறியட்டும் என்று, முடிந்த வேலை தானாக அந்தந்த வேலைக்கான சாட் குழுவில் அறிவிக்கப்படும்படி நானே எப்போதோ செய்து வைத்திருந்தேன். ‘பேக்எண்ட் தயார். எடுத்த நேரம்: பதினொரு நிமிடம்.’ கீழே என் பெயர்.

மேனேஜரம்மா எழுந்து வந்தார். இதே ஊர் மர்பி டவுன்காரர், கோபம் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மேஜை டிராயரில் எதை எடுத்துப் போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் குனிந்து, தமிழிலேயே மெதுவாகச் சொன்னார்: “நீங்க மூணு வாரம்னீங்க, நான் கிளையன்ட்கிட்ட ரெண்டு மாசம்னு சொல்லி வச்சிருக்கேன். அவரும் அந்த குரூப்ல இருக்காரு சார். எப்படியாவது இதுல ஒரு தப்பு கண்டுபிடிங்க.”

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். வரிவரியாகப் படித்தோம். என் கோடில் எட்டிப் பார்த்தாலே நாலு தப்பு தெரியும். இதில் ஒன்றுகூட அகப்படவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஒன்று சிக்கியது. மருத்துவமனைக்குச் செவ்வாய் விடுமுறை, இது ஞாயிறு என்று வைத்திருந்தது. மேனேஜரம்மா முகத்தில் உயிர் வந்தது.

நான் எழுதிக் கொடுத்த பத்தியைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு என்று எழுதியிருந்ததே நான்தான்.

சத்தமில்லாமல் அதை மூடிவிட்டு, இதைச் சரிசெய்ய ஒரு வாரமாவது ஆகும் என்றேன்.