பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

முதலில் ஸ்டெப்னி வெளியே வந்தது. பிறகு ஜாக்கி, இழுவைக் கயிறு, இரண்டு குடை, பாதி தீர்ந்த டிஷ்யூ பெட்டி, எப்போதோ உருண்டு சீட்டுக்கு அடியில் ஒதுங்கிவிட்ட ஒரு பேனா. ஒவ்வொன்றாக எடுத்து, தரையில் விரித்த பழைய போர்வையின் மேல் வைத்துக்கொண்டிருந்தார் அவர். காருக்குள் எது எங்கே இருந்ததோ, போர்வையிலும் அதே ஒழுங்கில் இருக்க வேண்டும். முன்னால் இருந்தது முன்னால், டிக்கியில் இருந்தது பின்னால். திரும்ப வைக்கும்போது தேடக் கூடாதாம். தெருவில் அவருக்கு ‘லிஃப்ட் சார்’ என்று பெயர். இங்கே, இந்தக் கார் பந்தய ட்ராக்கில், வேறொரு பெயர் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ட்ராக்கில் ஓடப்போகும் காருக்குள் உருளக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. பந்தயம் இல்லாத சில நாட்களில் அந்த ட்ராக்கைச் சாதாரண ஜனங்களுக்குத் திறந்துவிடுவார்கள். பதிவு செய்துகொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தினமும் காய்கறி வாங்கப் போகிற காரையே கொண்டுவந்து சுற்றலாம். யாரும் யாரோடும் போட்டி போடக் கூடாது. நேரம் குறிக்கக் கூடாது. ஜெயிப்பதும் கிடையாது, தோற்பதும் கிடையாது. பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு லிஃப்ட் சாரிடம் ஒரே பதில்தான். “வேற எங்கேயும் பிரேக்கை முழுசா மிதிக்க விடமாட்டாங்களே.”

தொழில் புத்தி, வேறென்ன. இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் உத்தியோகம். லிஃப்ட் கதவு திறந்தால் எல்லோரும் உள்ளே பார்ப்பார்கள். அவர் கீழே பார்ப்பார், லிஃப்ட்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன இரும்பு ஸ்கேல். ஆஸ்பத்திரியில் யாரையோ நலம் விசாரிக்கப் போன இடத்தில், ஒரு கையில் பழப்பையோடு குனிந்து அளந்துவிட்டு, “ஏழு மில்லி இறங்கி நிக்குது, யார்கிட்ட சொல்லணும்?” என்று வாசல் காவலாளியைப் பிடித்துக்கொண்டவர் அவர். பார்க்கப் போன நோயாளி அதற்குள் தூங்கிவிட்டார்.

சோதனை நாளில் லிஃப்ட்டுக்குள் எடைக்கட்டிகளை அடுக்கி, அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கவிடுவார். அவசரப் பிடிப்பு, லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தைக் கவ்வி ‘டங்’ என்று நிறுத்தும். அந்தச் சத்தத்தில் கட்டடத்துக்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் முகத்தில் மட்டும் வயிறார உண்ட திருப்தி தெரியும். “மேல போறதையெல்லாம் மோட்டார் பார்த்துக்கும். நிக்குமா, அதைச் சொல்லு” என்பார்.

இப்படிப்பட்டவர் தெருவில் எப்படி ஓட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் காருக்குப் பின்னால் மாட்டியவர்கள் முந்தவும் முடியாமல் திட்டவும் மனம் வராமல் தவிப்பார்கள். சைக்கிளில் போகிறவர்கள் முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர் பதிலுக்குக் கையசைப்பார். காருக்குப் பத்தொன்பது வயது. கதவுகள் நான்கும் இன்னும் புதிதில் போலத்தான் சாத்திக்கொள்கின்றன.

மூன்று வருடமாக அந்தக் காரில் ஒரு விசித்திரம் உண்டு. யார் ஏறினாலும் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். மகள் பின்னால், மருமகன் பின்னால், எப்போதாவது வருகிற மைத்துனரும் பின்னால்தான். முன் சீட்டில் ஒரு சின்ன மெத்தை மட்டும் சவாரி செய்யும். எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் மெதுவாகக் கேட்டே விட்டார். “என்ன சார், ரிட்டயர்மெண்டுக்கு முன்னாலேயே டாக்ஸி ஓட்ட ஆரம்பிச்சுட்டீங்களா?” லிஃப்ட் சார் சிரித்து மழுப்பிவிட்டார்.

அந்த மெத்தை அவர் மனைவியுடையது. அவள் குள்ளம், மெத்தை போட்டால்தான் சாலை தெரியும், சீட்டை முழுசாக முன்னால் இழுத்தால்தான் கால் ஊன்றும். பதினாறு வருடம் அந்த சீட்டில் உட்கார்ந்து, அவர் எப்போதெல்லாம் பிரேக் பிடித்தாரோ அப்போதெல்லாம் அவளும் பிடித்தாள். வலது பாதத்தை, காலடியில் விரித்த ரப்பர் மிதியடியில் ஊன்றி, முன்விரல்களால் ஒரு அழுத்து. கார் முழுசாக நின்ற பிறகும் உடனே எடுக்கமாட்டாள். குதிகால் பட்ட இடத்தில் மிதியடி தேய்ந்து, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. “அங்க பிரேக் கிடையாதும்மா” என்று அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். “உங்க பக்கம் இருக்கறது உங்களுக்கு. இது எனக்கு” என்பாள் அவள்.

கேலியாகத்தான் எடுத்துக்கொண்டார். உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. ஊரில் உள்ள லிஃப்ட்டெல்லாம் தன் கையெழுத்தை நம்பி ஏறி இறங்குகிறது, கட்டிய மனைவிக்கு மட்டும் தன் கால் மேல் நம்பிக்கை இல்லையே என்று.

ஆனாலும் அவர் ட்ராக்குக்குப் போன ஒவ்வொரு முறையும் அவளும் வந்தாள். காலையில் ஃப்ளாஸ்க், ரொட்டி, அவித்த முட்டை, மடக்கு நாற்காலி. அவருடைய சட்டைப் பையில் இருக்கும் ஸ்கேலை மறக்காமல் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொள்வாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுற்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். இறங்கியதும், “நல்லாத்தான் ஓட்டறீங்க. காலு வலிக்குது” என்பாள்.

அவருக்கு அந்த இன்னொரு பெயர் கிடைத்தது முதல் வருடத்தில். ட்ராக்கிலும் அவர் ஒவ்வொரு வளைவுக்கும் இண்டிகேட்டர் போட்டார். கை பழகிய பழக்கம். ட்ராக்கில் இண்டிகேட்டர் போட்டால், பின்னால் வருபவனுக்கு ‘நீ முந்திக்கொள்’ என்று அனுமதி கொடுப்பதாக அர்த்தம். ஒரே சுற்றில் பதினோரு கார்கள் அவரை முந்திப் போயின. ட்ராக் ஓரத்தில் கொடி பிடிப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் ‘இண்டிகேட்டர் சார்’. “வீட்டுக்காரருக்கு ரொம்ப நல்ல மனசு” என்று அவள் நாற்காலியில் இருந்தபடியே முட்டையை உரித்துக்கொண்டு சொன்னாளாம். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் அவர் இன்றைக்கும் தனியாகச் சிரிப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் போய்விட்டாள். அதன் பிறகுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. பதினாறு வருடமும் பயப்படும் வேலையை அவள் பார்த்துக்கொண்டாள்; அதனால்தான் அவர் பயமில்லாமல் ஓட்டினார். இப்போது இரண்டு வேலையும் அவர் தலையில் விழுந்தது. முன்பே மெதுவாகப் போன கார் இன்னும் மெதுவானது. ட்ராக்கிலிருந்து வரும் அறிவிப்புகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இந்த முறை மகள்தான் அவருக்குத் தெரியாமல் பதிவு செய்து, காலையில் ஃப்ளாஸ்க்கோடு வந்து நின்றாள்.

“அப்பா, அம்மா பக்கம் இன்னும் எடுக்கலையே” என்றாள் மகள், போர்வையைப் பார்த்து. முன்னால் இடப்பக்கம் மட்டும் காலியாக இருந்தது.

“அது உருளாது. அப்படியே இருக்கட்டும்.”

காரைச் சோதிக்க வந்த ட்ராக் பயிற்சியாளர் ஆறடிக்கு மேல், அதற்கேற்ற உடம்பு. சக்கரத்தைத் தட்டினார், பிரேக் ஆயிலைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். “நீங்க வந்து மூணு வருஷம் ஆச்சு சார். இப்ப விதி மாத்திட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல இடைவெளி விட்டா, முதல் சுத்து நான் பக்கத்துல உட்காரணும்.”

லிஃப்ட் சார் கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். “பின் சீட்ல உட்காருங்களேன். தாராளமா இருக்கும்.”

“பின்னாடி உட்கார்ந்தா உங்க பிடரியைத்தான் பார்க்கலாம். உங்க கண்ணு எங்க போகுது, காலு எங்க போகுதுன்னு நான் பார்க்க வேண்டாமா?”

“அந்த சீட்டை யாரும் நகர்த்தறதில்ல” என்றார் அவர். சொன்ன பிறகு, அது ஒரு காரணமாகவே ஒலிக்கவில்லை என்று அவருக்கே தெரிந்தது.

மகள் அருகில் வந்து, “வேண்டாம்னா கிளம்பிடலாம்ப்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றாள்.

கிளம்பிவிடலாம். போர்வையில் இருப்பதை எல்லாம் பத்து நிமிடத்தில் உள்ளே வைத்துவிடலாம். ஆனால் இன்றைக்குக் கிளம்பினால் இனி ஒருபோதும் வரப்போவதில்லை என்பது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. மனைவிக்குச் சந்தோஷமாகக் கால் வலித்த ஒரே இடம் இதுதான். இதையும் விட்டுவிட்டால், மிச்சமிருப்பது ஒரு மெத்தை மட்டும்தான்.

“ஒரு நிமிஷம்” என்றார். மண்டியிட்டு மெத்தையை எடுத்தார். மிதியடியைத் தூசி தட்டாமல் எடுத்தார். இரண்டையும் போர்வையின் காலி இடத்தில் வைத்தார். பயிற்சியாளர் சீட்டுக்கடியில் கையை விட்டு நெம்புகோலைத் தூக்கி, சீட்டைப் பின்னால் தள்ளினார். அடித்தண்டின் பல் ஒவ்வொன்றையும் சீட்டு ‘க்ளிக்’ ‘க்ளிக்’ என்று தாண்டியது. லிஃப்ட் சார் உதடு அசையாமல் எண்ணினார். ஒன்பது.

முதல் சுற்றில் பாதி தூரம் அவர் சைக்கிள்காரர்கள் சிரிக்கும் வேகத்தில்தான் போனார். முதல் வளைவுக்கே இண்டிகேட்டரும் போட்டார். “சார், பின்னாடி யாரும் இல்ல, யாருக்கு வழி விடறீங்க?” என்றார் பயிற்சியாளர். நீண்ட நேர் பாதை வந்தது. “மிதிங்க. காரு கேக்குது பாருங்க.” மிதித்தார். பத்தொன்பது வயதுக் கார் முதலில் முனகியது, பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் ஓடியது. எதிரே, வளைவுக்கு இன்னும் இருநூறு மீட்டர் என்று காட்டும் பலகை வந்தது. அவர் கால் பிரேக்குக்குத் தாவியது. “இன்னும் இருக்கு” என்றார் பக்கத்துக்காரர். நூற்றைம்பது. “இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு... இப்ப.”

மிதித்தார், முழுசாக. கார் மூக்கைத் தரையில் ஊன்றி, நேராக, கோடு கிழித்த மாதிரி வேகத்தை விட்டது. அந்தக் கணத்தில் ஓரக் கண்ணில் ஒன்று தெரிந்தது. பயிற்சியாளரின் பெரிய வலது கால், வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

காரை ஓரங்கட்டி நிறுத்திய பிறகுதான் கேட்டார். “நீங்களும் பிரேக் பிடிச்சீங்களே.”

பயிற்சியாளர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். “இருபது வருஷமா பிடிக்கறேன் சார். நல்லா ஓட்டறவங்களோட போனாலும் பிடிப்பேன். பக்கத்துல உட்கார்ந்தா கால் சும்மா இருக்காது. உங்களுக்குக் கூடவே ஒரு கை கொடுக்கற மாதிரி, அவ்வளவுதான்.”

லிஃப்ட் சார் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து ஹெல்மெட் வாரை அவிழ்த்தார். பதினாறு வருடத்து முள் இவ்வளவு லேசாகக் கழன்றுவிடும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அவள் இருந்தால் இறங்கிப் போய்ச் சொல்லியிருப்பார். சொல்ல முடியாதது வலித்தது.

அன்று இன்னும் நான்கு முறை சுற்றினார், தனியாக. மகள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முட்டை உரித்தாள். சாயங்காலம் பிரேக் ஆறியதும் போர்வையில் இருந்ததை எல்லாம் திரும்ப வைத்தார்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, டிஷ்யூ பெட்டி, பேனா. முன்பக்க மிதியடியை அவரே விரித்தார், குழி பழைய இடத்துக்கு வரும்படி. மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, பின் சீட்டில் வைத்தார்.

பிறகு சாவியை மகளிடம் நீட்டினார். இந்தக் காரை அவள் ஒரு நாளும் ஓட்டியதில்லை. “நானா?” என்றாள்.

“இன்னிக்கு நிறைய மிதிச்சாச்சு. நீ ஓட்டு பாப்பா.”

அவர் இடப்பக்கமாகச் சுற்றி வந்து முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மகள் அந்த சீட்டைப் பார்த்தாள். “பழையபடி முன்னால இழுத்துடட்டுமாப்பா? எத்தனை பல்லுன்னு எண்ணியிருப்பீங்களே.”

“ஒன்பது. வேண்டாம், இருக்கட்டும். எனக்குக் கால் எட்டுது.”

ட்ராக்கின் வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தார்கள். மகள் அப்பாவைப் போல இல்லை, விறுவிறுவென்று ஓட்டினாள். முதல் திருப்பத்தில் சிக்னல் சிவப்புக்கு மாறியது. அவள் பிரேக்கை மிதித்தபோது, அவருடைய வலது குதிகால் தேடாமலே அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. விரல்களை ஊன்றி அழுத்தினார். கார் முழுசாக நின்றது. பச்சை விழுந்து, பின்னால் வந்தவர் ஹாரன் அடித்து, மகள் வண்டியை எடுத்த பிறகும் அவர் காலை எடுக்கவில்லை.