மீன் வெட்டின தங்கம்மாவின்ரை மரண அறிவித்தல்

எங்கடை ஓட்டோ ஒழுங்கைக்குள்ளை திரும்பினால், சமைச்சுக்கொண்டு நிக்கிற பொம்பிளையளும் அடுப்பைத் தணிச்சுப்போட்டுப் படலையடிக்கு ஓடி வருவினம். என்னைப் பார்க்கிற ஆசையிலை இல்லை. ஆர் செத்தது எண்டு கேட்கத்தான். கூரையிலை ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராய் மரண அறிவித்தல் சொல்லுறது என்ரை தொழில். "ஒருநாளாவது ஒரு நல்ல சேதி சொல்லுங்கோவன்" எண்டு மனுசி பகிடி பண்ணுவா. கலியாணத்துக்கு ஆர் என்னைக் கூப்பிடப் போகினம்?

இந்தத் தொழிலுக்குப் புதிசாய் வந்திருக்கிற தம்பிமாருக்கு ஒரு சம்பவம் சொல்லுறன்.

ஒருநாள் காலமை, சந்தையிலை கீரை விக்கிற பூமணியக்கா ஃபோன் எடுத்தா. அவவோடை ஒரே வீட்டிலை இருந்த தங்கம்மா செத்துப்போனா. தங்கம்மாவுக்கும் சந்தையிலைதான் வேலை. சனம் வாங்கிற மீனை வெட்டித் துப்புரவாக்கிக் குடுக்கிறவ. நான் அரியாலையிலை இருக்கிற அவையின்ரை வீட்டுக்குப் போய் வழமையாய்க் கேட்கிறதைக் கேட்டன்.

"அக்கா, புருசன், பிள்ளையள், சகோதரங்கள்?"

"ஒருத்தருமில்லைத் தம்பி. வாய்க்கரிசி போட நாலு பொம்பிளையளும் பெட்டி தூக்க நாலு ஆம்பிளையளும் வந்தால் காணும். அதுக்குத்தான் உம்மைக் கூப்பிட்டனான்."

எங்கடை அறிவித்தல் எப்பிடியிருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். இன்னாரின் பாசமிகு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், கனடா, லண்டன் எண்டு சொந்தக்காறரைச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கும். பெரிய உத்தியோகமெண்டால் 'ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்' எண்டு அது முன்னுக்கு வரும். தங்கம்மாவுக்கு இதிலை ஒண்டுமில்லை.

"அப்ப சந்தையிலை மீன் வெட்டினவ எண்டு சொல்லட்டே?"

பூமணியக்காவுக்குக் கோபம் வந்திட்டுது. "உமக்கென்ன விசரே? உயிரோடை இருக்கேக்கை, நாறுது எண்டு பஸ்ஸிலை அவவுக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்கிறேல்லை. செத்த பிறகும் அதை ஊருக்குச் சொல்லிக் கேவலப்படுத்த வேணுமே?"

அதுவும் நியாயம்தான். ஃபோனிலை குரலைப் பதிஞ்சு ஸ்பீக்கரிலை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டன். "அரியாலையை வசிப்பிடமாகக் கொண்ட தங்கம்மா அவர்கள் காலமானார். அன்னாரின் இறுதிக்கிரியைகள் இன்று பிற்பகல் அவரது இல்லத்தில் நடைபெறும்." அவ்வளவுதான். படலையடிக்கு வந்த சனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தினம். "ஆரப்பா தங்கம்மா?" "ஆரோ, எங்களுக்குத் தெரியாது." திரும்பி உள்ளை போயிட்டினம். ஒழுங்கைக்கு ஒழுங்கை இதே கதைதான். வாய்க்கரிசிக்கு ஒருத்தரும் வராயினம் போலை கிடந்துது.

சந்தைக்குக் கிட்ட ஒரு ரீச்சரம்மா ஓட்டோவை மறிச்சு ஆரெண்டு கேட்டா.

"தங்கம்மா, ரீச்சர். சந்தையிலை மீன் வெட்டுறவ."

அவ கையிலை இருந்த பையை நிலத்திலை வைச்சிட்டா. "ஐயோ, எங்கடை மீன் வெட்டுற அம்மாவே! அவவின்ரை பேர் தங்கம்மா எண்டு இப்பதான் எனக்குத் தெரியும். ஏன் தம்பி நீர் இதைச் சொல்லேல்லை?"

பூமணியக்கா பேசினால் பேசட்டும். பதிவை நிப்பாட்டிப்போட்டு மைக்கைக் கையிலை எடுத்தன்.

"சந்தையிலை உங்கடை மீனைச் செதிள் சுரண்டி வெட்டித் தந்தவ, கூழுக்குத் தலையைத் தனியாய்க் கட்டித் தந்தவ, சின்னப் பிள்ளை இருக்கிற வீடெண்டால் முள்ளெடுத்துத் தந்தவ, தங்கம்மா காலமாகிவிட்டா. அவவுக்குச் சொந்தமெண்டு ஒருத்தருமில்லை. எல்லாரும் வாருங்கோ."

இந்தத் தொழிலிலை நான் அழுதது அண்டைக்குத்தான். படலையடியிலை நிண்ட சனமும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டுது.

பின்னேரம் பூமணியக்காவின்ரை முற்றத்திலை நிக்க இடமில்லை. வாய்க்கரிசி போடேக்கை ஒரு பெரியவர், "உரித்தில்லாதவை போடலாமோ?" எண்டு இழுத்தார்.

ரீச்சரம்மா விடேல்லை. "அவ முள்ளெடுத்துத் தந்த மீனோடைதான் ஐயா என்ரை பிள்ளை சோறு தின்னப் பழகினவன். இதைவிட என்ன உரித்து வேணும்?"

பெரியவர் விலகி வழி விட்டார். பொம்பிளையள் வரிசையாய் வந்து போட்டினம். அரிசி முடிஞ்சு, பூமணியக்கா அழுதழுது குசினிக்குள்ளை ஓடிப்போய் இன்னொரு சுளகிலை கொண்டு வந்தா. பெட்டியை ஆம்பிளையள் தோள் மாத்தித் தோள் மாத்திக் கொண்டு போச்சினம்.

எல்லாம் முடிஞ்சு நான் வெளிக்கிடேக்கை பூமணியக்கா ஓட்டோவடிக்கு வந்தா. நல்ல பேச்சு விழப்போகுது எண்டு நினைச்சன். அவ என்ரை கையைப் பிடிச்சா.

"தம்பி, என்ரை நாள் வரேக்கை வெறுமனே பூமணி எண்டு சொல்லிப்போட்டுப் போகாதையும். சந்தையிலை கீரை வித்தவ எண்டு சொல்லும். பழுத்த இலையெல்லாம் கிள்ளி எறிஞ்சுபோட்டுத்தான் கட்டுக் கட்டுறவ எண்டும் சொல்லும், என்ன?"

"ஓம் அக்கா" எண்டன்.

தம்பிமாரே, எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் அந்த மனிசர் என்ன வேலை செய்தவை எண்டு முதல் கேளுங்கோ. சொந்தக்காறரைப் பிறகு கேட்கலாம்.